ஓர்கனின் மேல் கட்டைகள்

ஹில்ஸ்பரோ,
ஓக்லண்ட்.
22.09.1996, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் றொஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். மடுமாதாவின் காவலில் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் சரத்தும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் மாதாவைக் கரைச்சல்படுத்திக்கொண்டிருக்கிறேன். உடம்புக்குச் சுகம் என்று எழுதிவிட்டேன், மனசுக்கு அப்படி எழுத வருகுதில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அன்றையிலிருந்து நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. குசினிக்குள் போனால் எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், உடுப்பைக் காயப்போட்டுவிட்டு மழை வருகிறதா என்று யன்னலுக்கும் கொடிக்கும் நடந்து கடைசியில் ஈரத்தோடேயே அள்ளிக்கொண்டு வருகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா ஒரு நிமிசம்கூடக் கதைக்காமல் அம்மாவிடம் தள்ளிவிடுகிறார், கலியாணம் முடித்து மூன்று வருசமாகியும் அவருக்கு மனம் ஆறவில்லை, வயிற்றில் பிள்ளை என்று சொன்னதற்குக்கூட "சரி, சரி, அம்மாட்டக் குடுக்கிறன்" என்றுதானே சொன்னார், பிறகு நான் ஏன் எடுத்து அவரைத் தொந்தரவு செய்யவேண்டும், குழந்தை பிறந்ததும் தந்தி மாதிரி ஒரு வரி எழுதிப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை வாசிக்க எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நீ என்னுடைய மகள்தான், வாய் அப்படியே என் வாய்.

சொன்னபடியே இன்று ரெலிபோன் அடிக்கவில்லை. பூசை முடிந்து வந்ததும் அப்பா ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தார். நான் சோறு வடித்து, கறி கூட்டி, பாத்திரம் கழுவி வரும் வரைக்கும் அதே பக்கம்தான். பிறகு எழும்பிக் கராஜுக்குப் போய்விட்டார். அவர் அங்கே ஓர்கனோடு, நான் இங்கே குசினி மேசையில் பேனையோடு. இப்போது நான் எழுதப்போகிற விசயத்தைப் பிள்ளைக்கு எழுதாதேயும் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். எழுதத்தான் போகிறேன். ஆனால் அதை எழுத வேண்டுமென்றால் ஓர்கன் கதையை எழுதாமல் முடியாது, ஆகையால் பொறுமையாக வாசி. கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, சின்ன வயதிலேயே கதைப்புத்தகத்தைப் பின்னாலிருந்து வாசிக்கிறவள் நீ.

ஓர்கன் வந்தது உனக்குத் தெரியும், அதன் வரலாறு தெரியாது. உன் தம்பி அன்றூ இருக்கிற கிளென்ஃபீல்டில் ஒரு வெள்ளைக்காரக் கோயிலில் புதிய கீபோர்ட் வாங்கிவிட்டு, பழைய ஹமண்ட் ஓர்கனை விரும்பினவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். இது போன தை மாதம். அன்றூ பேச்சுவாக்கில் சொன்னான், அவ்வளவுதான், அப்பா மறுநாளே ஒரு வான் வண்டிக்கும் ஆளுக்கும் ஒழுங்கு செய்துவிட்டார். எங்கள் தமிழ்ப் பூசைக்கு இதுவரை இருந்தது அந்தப் பெட்டி ஆர்மோனியம்தானே, மடுமாதா திருநாளுக்கு ஓர்கன் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள், அத்தனை பாரம். துறைமுகப் பாலத்தில் வரும்போது அப்பா வானின் பின்பக்கத்தில் ஓர்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாராம், நான் மன்னாரில் இருந்து பிள்ளைகளோடு வெளிக்கிட்டபோதுகூட என்னை அப்படிப் பிடிக்கவில்லை. வெளியில் பார்த்தால் அது ஒரு அலுமாரி. பின்பலகையைக் கழற்றினால்தான் விசேசம். காற்றும் இல்லை, குழாயும் இல்லை, நீளமான அச்சுகளில் பல் வெட்டின சின்னச் சின்ன இரும்புச் சில்லுகள் வரிசையாக. மோட்டர் ஓட எல்லாச் சில்லும் சேர்ந்து சுற்றும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காந்தம், பல் போகிற வேகத்துக்குத் தக்கபடி ஒரு சுரம் பிறக்கும். கட்டையை அமத்தினால் அந்தச் சுரத்துக்கு வழி திறக்கும். நான் நாள் முழுக்கத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் போர்ட்டுகளுக்கு ஈயம் வைக்கிறவள், வீட்டில் வந்து ஈயத்தின் மணமே வேண்டாம் என்றிருந்தவள், பின்பலகையைக் கழற்றிப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பா முன்பக்கம் வாசிக்கிறவர், நான் பின்பக்கம் என்று வேலை பிரிந்தது.

இந்தச் சில்லுகளுக்கு வருசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விடவேண்டும். மேலே கிண்ணம் மாதிரி இருக்கிறது, அதிலிருந்து பருத்தி நூல்கள் ஒவ்வொரு அச்சுக்கும் போகின்றன, திரியில் ஊறுவது போல எண்ணெய் நூல் வழியாக ஊறிப் போகும். பாபடோயிட்டோயில் சாமான் கடை வைத்திருக்கிற இராசநாயகம் அண்ணையை உனக்கு நினைவிருக்கும், உன் கலியாணத்துக்குப் பலகாரம் அத்தனையும் தன் செலவில் என்று நின்றவர். அப்பா எண்ணெய் விடவேண்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை, மனிசன் கடையிலிருந்து புதுப் போத்தல் உடைத்து, கலப்படமில்லாத தேங்காய் எண்ணெயைக் கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டார். ஊரில் தையல் மெசினுக்கும் சைக்கிளுக்கும் அதைத்தான் விட்டவராம், கோயில் சாமானுக்கு மட்டமான எண்ணெய் விடக்கூடாதாம். நான் அன்று வேலையில். மாசி, பங்குனி வெயிலில் ஒரு குறையும் இல்லை, அழகாக ஓடியது. ஆனி மாதம் குளிர் பிடித்தது. ஒரு நாள் காலையில் சுவிச்சைப் பிடித்தால் மோட்டர் முனகுகிறது, ஒரு சில்லும் அசையவில்லை. மோட்டர் எரிந்துவிட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள், அப்பா இழவு வீட்டில் இருக்கிறவர் போல இருந்தார். நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் வெள்ளையாக உறைந்துபோய் இருக்கிறது, இங்கே குளிர்காலத்தில் தலைக்கு வைக்க நாங்கள் கரண்டியால் சுரண்டி எடுக்கிற அதே சாமான். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தலை முழுகி வந்த பெண்பிள்ளையின் மணம். எனக்கு வந்த சிரிப்பில் டோர்ச் கையை விட்டு விழுந்துவிட்டது. இராசநாயகம் அண்ணை கோயில் பக்கம் இரண்டு கிழமை வரவில்லை, பிறகு நானே போய்க் கூட்டிவந்தேன், பாவம். நீ விட்டுவிட்டுப் போன தலைமயிர் காயவைக்கிற மெசின்தான் கைகொடுத்தது. அதால் சூடு பிடித்து, உருகினதைத் துணியால் ஒற்றி, மண்ணெண்ணெய் தொட்டு நூல் நூலாகக் கழுவி, சரியான மெல்லிய எண்ணெய் விட்டு, வேலையால் வந்தபின் மிஞ்சுகிற நேரமெல்லாம் இதற்கே போனது.

நீ அந்த நல்ல செய்தி சொன்ன ஞாயிறும் இந்தக் கழுவலுக்கு நடுவில்தான். அப்பா முதலில் ரெலிபோனை எடுத்தார், "சரி, சரி" என்றார், என்னிடம் தந்துவிட்டுக் கராஜுக்குப் போனார். நீ எனக்குச் சொன்னதும் நான் துள்ளிக்கொண்டு பின்னால் போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, நீங்கள் அம்மப்பா ஆகப்போறியள், தெரியுமோ என்று கேட்டேன். மனிசன் என்னை ஏதோ புதிதாகக் கேட்கிறவர் போலப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையோடேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார் றொஷானி. உடுப்பு மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். இது உனக்குத் தெரியாது, ரெலிபோனில் இதெல்லாம் வருவதில்லை. பிள்ளை சொன்னபோது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல் இங்கே வந்து அழுகிறாரே என்று நான்தான் அவரை ஏசினேன், பிடிவாதம் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய்.

ஓர்கன் ஓடத் தொடங்கியதும் அப்பா அடுத்த முறைப்பாட்டைத் தொடங்கினார். மேல் கட்டைகள் செத்துக் கிடக்கிறதாம், கீழே முழங்குகிறதாம், மேலே போகப் போக ஒன்றும் இல்லையாம். அதில் நியாயமும் இருந்தது. அந்தக் காலத்து மெழுகுக் கப்பாசிட்டர்கள் வயது போகப் போகக் கெட்டு, மேல் சுரங்களின் கூர்மையைத் தின்றுவிடும், புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. நூலகத்தில் வரைபடம் எடுத்து, கழற்றிக் கழற்றிப் புதிது வைத்தேன். விரல் நுழையாத இடம், சூடு கூடினால் மெல்லிய கம்பி அறுந்துவிடும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஈயம் வைத்தேன். முடித்துவிட்டு ஒரு கட்டையை அமத்தினால், கழுவித் துடைத்த வெள்ளிக் கரண்டி மாதிரிச் சத்தம், எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றூ வந்தவன் காதைப் பொத்திக்கொண்டு இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அப்பா இருந்து வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு வித்தியாசமும் இல்லை, முந்தின மாதிரித்தான் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். திரும்பக் கழற்றினேன், திரும்ப வைத்தேன். அதே பதில். நீர் வைக்கிற ஈயத்தில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று ஒரு நாள் சொன்னார். நான் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவரோடு கதைக்கவில்லை, கதைக்காததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு மடுமாதா திருநாள். மண்டபம் நிறையச் சனம், நான் சாறியின் தலைப்பால் ஓர்கனின் மேலே தூசி துடைத்துவிட்டுப் பெருமையோடு முன்வரிசையில் இருந்தேன். கட்டைகளுக்கு மேலே வெளியே இழுக்கிற சின்னத் தடிகள் வரிசையாக இருக்கின்றன, வலது பக்கத்துத் தடிகளை இழுக்க இழுக்கக் கீச்சுச் சுரம் கூடும். அப்பா அவற்றை முழுவதும் இழுத்துவிட்டு, மற்றவற்றைக் குறைத்துவிட்டுத் தொடங்கினார். முதல் பாட்டிலேயே குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன. பின்னால் இருந்த ஒரு கிழவர் காது மெசினைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டதைக் கண்டேன். றெஜினோல்ட் சுவாமி பூசை நடத்திக்கொண்டே ஒரு கண்ணைச் சுருக்கினார். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, மோட்சத்தில் இருக்கிறவர் போல வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் வந்து சொன்னார்கள், தங்கச்சி, பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்த ஏலாதோ என்று. வரும் வழியில் அப்பா, எல்லாம் நல்லாத்தான் இருந்தது, மேல் கட்டைகள்தான் காலை வாரிவிட்டன என்றார். எனக்குக் கேள்வி கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஓர்கனைத் திரும்பக் கராஜில் கொண்டுவந்து வைத்ததும் நான் ஒரு வேலை செய்தேன். எந்தெந்தக் கட்டை செத்தது என்று அடையாளம் போடப்போகிறேன், நீங்கள் அங்கே வாசல் பக்கம் கதிரையில் இருந்து எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள் என்றேன். நான் கையில் சோக்குத் துண்டோடு, வலது பக்கத்துக் கீச்சுத் தடி ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு, கீழேயிருந்து ஒவ்வொன்றாக அமத்தினேன். ஓம் என்றார், ஓம் என்றார், ஒரு இடத்தில் கொஞ்சம் பொறுத்து ஓம் என்றார். பிறகு ஒன்றும் இல்லை. நான் மேலே மேலே போகிறேன். எனக்குப் பல் கூசுகிறது, பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கிறது. கடைசிக் கட்டையில் விரலை வைத்து எடுக்காமலே அமத்திக்கொண்டு நின்றேன். அவர் மரத்தைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எப்ப அமத்தப்போறீர், புஷ்பம்?"

என் விரல் கட்டையில்தான் இருந்தது. இப்போதுதான் தொடங்குகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு விரலை எடுத்தேன். சோக்கைச் சட்டைப்பைக்குள் போட்டேன், ஒரு கட்டையிலும் அடையாளம் போடவில்லை. அதன் பிறகு எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது. ரீவியை அவர் கூட்டக் கூட்ட நான் குறைக்கிறது. அன்றூ வாய்க்குள் கதைக்கிறான், இந்தக் காலத்துப் பெடியளுக்கு வாய் திறக்கத் தெரியாது என்கிறது. மூலைக்கடை டெய்ரிக்குப் போனால் கடைக்காரப் பெண்ணோடு என்னைக் கதைக்க விடுகிறது. கோயிலில் எப்போதும் ஆட்களின் முகம் தெரிகிற பக்கம் பார்த்து இருக்கிறது. விமான நிலையத்தில் இத்தனை வருசமாக விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று பெட்டி ஏற்றி இறக்குகிறார், தந்த காது மூடியைக் காதில் போடாமல் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கம்பி அமத்துகிறது என்று சாட்டு. சத்தம் அவருக்குக் கேட்கிறது, சொல்தான் விளங்குவதில்லை. முகத்தைப் பார்த்தால் உதட்டிலும் கண்ணிலும் பாதியைப் பிடித்துக்கொள்கிறார். ரெலிபோனுக்கு முகம் ஏது.

ஒரு கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குக் காது போய்விட்டது என்று பாட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது? எனக்கு நித்திரையும் இல்லை, வேலையில் ஒரு தட்டுப் போர்ட்டைப் பிழையாக வைத்து மேற்பார்வைக்காரி முகத்தைச் சுளித்தாள். கடைசியில் வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்தேன். ஓர்கனின் அம்ப்ளிஃபையரில் இருந்து இரண்டாவது வழி ஒன்று எடுத்தேன். மண்டபத்துக்குப் போகிற பெரிய ஸ்பீக்கரில் கீச்சுச் சுரத்தைக் குறைக்க ஒரு திருகு வைத்தேன். மற்ற வழியில் எங்கள் பழைய றேடியோகிராமில் இருந்து கழற்றின ஸ்பீக்கரைப் பூட்டி, அவர் இருந்து வாசிக்கிற வாங்குக்குப் பக்கத்தில், காதுக்கு நேராக வைத்து, அதில் முழக்கத்தைக் குறைத்து மேல் சுரங்களை நன்றாகக் கூட்டிவிட்டேன். ஓர்கன் பிரியர்கள் யாராவது பார்த்தால் பழைய சாமானைக் கெடுத்துவிட்டாள் என்று என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். அப்பாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். கீழேயிருந்து ஓடி மேலே போனார், கை நின்றது. திரும்ப மேலே போனார். கடைசிக் கட்டையை ஒரு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்து என்னைப் பார்த்து, ஓர்கனுக்கு என்ன செய்தனீர் என்று கேட்டார். நான் ஓர்கனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவருடைய முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம் நான் விரலை எடுக்காமல் நின்றதையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அந்தக் கடைசிக் கட்டையைத் திரும்ப ஒரு தடவை அமத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார், அதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

"அப்ப பிள்ளை என்னோட வாய்க்குள்ள கதைக்கேல்லையோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கேட்டுக் கேட்டு எடுத்தேன். உன் கலியாணப் பேச்சு வந்தபோது, எங்கள் ஊர்ப் பெடியன் இல்லை என்று அப்பா இரண்டு கிழமை உன்னோடு கதைக்காமல் இருந்தது உனக்கும் நினைவிருக்கும், அவருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் நீ அவரோடு மட்டும் வாய்க்குள் முணுமுணுக்கிறாய், கடமைக்கு நாலு சொல் சொல்கிறாய், அம்மாவோடு என்றால் சிரித்துக் கதைக்கிறாய் என்று இந்த மனிசன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைக்கு விருப்பமில்லாததை ஏன் இழுக்கவேண்டும் என்றுதான் சட்டென்று ரெலிபோனை என்னிடம் தந்தாராம். அங்கே நீ அவருக்குக் கோபம் என்று இருக்கிறாய், இங்கே அவர் உனக்குக் கோபம் என்று இருக்கிறார், நடுவில் நான் இரண்டு பக்கமும் ஏசிக்கொண்டு நின்றிருக்கிறேன். யாருக்கும் ஒரு கோபமும் இல்லை றொஷானி. அவருக்கு உன் குரல் வருகிறது, நீ சொல்கிறது வரவில்லை, அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை என்று நீ சொன்னதை அவர் உன் வாயால் இன்னும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு எழுதாதேயும் என்று சொன்னதற்குக் காரணம், மாசமாக இருக்கிற பிள்ளை கவலைப்படும் என்கிறார். எனக்குத் தெரியும், அது பாதிதான். காது சோதிக்கப் போனால் வேலையில் விமானத்துக்குக் கிட்ட விடமாட்டார்கள் என்ற பயம், வீட்டுக் கடன் மோட்கேஜ் முடியவில்லை என்ற பயம், இனி ஓர்கனில் கை வைக்கலாமா என்ற பயம், எல்லாம் உள்ளே கிடக்கிறது. டொக்டரிடம் போவதை நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பார்ப்போம் என்கிறார். நான் வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் எடுத்துவிட்டேன், ஒனஹங்காவில் மீன் வாங்க என்று சொல்லிக் காரில் ஏற்றுவேன், இறங்குகிற இடத்தில்தான் உண்மை தெரியும். அன்றூவுக்கும் சொல்லியிருக்கிறேன், இனி அப்பாவோடு இங்கிலீசில் விழுங்கி விழுங்கிக் கதைக்காதே, முகத்தைப் பார்த்துக் கதை என்று. ஓகே அம்மா என்று இங்கிலீசிலேயே சொன்னான்.

இப்போது நீ செய்யவேண்டியது. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனை விட்டுவிடாதே, எனக்காகவாவது எடு, ஆனால் அதைவிட முக்கியம் இது. அந்த இரண்டாவது வழியில் நான் ஒரு கசெற் பிளேயரையும் பூட்டிப் பார்த்தேன். றேடியோவில் பதிந்த செய்தியைப் போட்டேன், எனக்குத் தகரத்தில் ஆணி கீறுவது போல இருந்தது, அவர் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். நீ ஒரு கசெற்றில் அவரோடு கதைத்து அனுப்பு. மெதுவாக, வாயைத் திறந்து, மூச்சு விட்டுக் கதை, உன் வழக்கம் போல ரயில் மாதிரி ஓடாதே. எனக்கு ஒன்றும் சொல்லாதே, சரத்துக்குக்கூட இடம் வேண்டாம், அவர் அடுத்ததில் கதைக்கட்டும். ரொறன்ரோவில் குளிர் தொடங்கிவிட்டதா, வேலைக்கு எப்படிப் போகிறாய், வயிற்றில் குழந்தை எப்போது அசைந்தது, எல்லாம் அவருக்குச் சொல். பிள்ளை வரப்போகிற செய்தியை முதல்தடவை சொல்வது போலத் திரும்பச் சொல். ஒரு பக்கத்தில் மட்டும் பதி, மற்றப் பக்கத்தை வெறுமனே விடு, அதில் அவர் பதிந்து அனுப்புவார், நான் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது. தபால் போய் வருவதற்குள் எனக்கு எத்தனை முறை உயிர் போய் வருமோ தெரியாது, ஆகவே கடிதம் கிடைத்த அன்றைக்கே பதி, சனிக்கிழமைக்கு என்று தள்ளிப்போடாதே.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே, பலன் இல்லை. பாரமான சாமான் தூக்காதே, சலவைக் கூடையையும்தான். மாமியார் திருச்சியிலிருந்து வந்து நிற்பதாக எழுதியிருந்தாய், அவர் சமைக்கிறதில் உறைப்புக் குறைவு என்று முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடு, அவரும் தன் பேரப்பிள்ளைக்காகத்தான் அடுப்படியில் நிற்கிறார். ஞானஸ்நானம், பேர் வைக்கிறது எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுங்கள், எங்களுக்குக் குழந்தை சுகமாக வந்தால் போதும். இராசநாயகம் அண்ணை உனக்குத் தேங்காய் எண்ணெய் அனுப்பப் பார்க்கிறார், வயிற்றில் தடவ. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வந்தால் வாங்கி வை, ஓர்கனுக்குத்தான் கூடாது, மனிசருக்கு நல்லதுதான்.

கராஜில் சத்தம் நின்றுவிட்டது, அப்பா உள்ளே வரப்போகிறார், கடிதத்தை மூடவேண்டும். மடுமாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் மேலாடையால் மூடிக் காப்பாற்றட்டும், சரத்துக்கு எங்கள் ஆசீர். அப்பாவும் ஆசீர்வதிக்கிறார், நான் கேட்காவிட்டாலும் அது எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ ரெலிபோனில் யார் எடுத்தாலும் முதலில் அம்மா என்றுதான் தொடங்குவாய். கசெற்றில் அப்படித் தொடங்காதே. அப்பா என்று தொடங்கு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
புஷ்பமலர் யேசுராசா